வெள்ளைக்காரத் தாத்தாவைத் தேடுவது எப்படி: மலையகத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கு

உங்கள் அம்மாவுக்குக் கண் பச்சை. அல்லது மாமாவுக்கு முடி செம்பட்டை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், 'துரை புள்ள' என்றோ 'பூனைக்கண்ணன்' என்றோ ஒரு பட்டப்பெயர், பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு, வீட்டில் கேட்டால் 'அதெல்லாம் இப்ப எதுக்கு' என்று ஒரு பதில். இவற்றில் இரண்டு உங்கள் வீட்டில் இருந்தால், அந்தத் தகப்பன் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையாகவோ பட்டாளத்துக்காரனாகவோ இருந்திருக்கலாம், இது உங்களுக்காகத்தான்.

சுருள் முடியோடு பிறந்ததால் 'காப்பிரி' என்று கேலி கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டாம் உலகப்போரில் இந்த மலைகளில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள் இல்லை, ஆப்பிரிக்கப் படையினரும் இருந்தார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேடத் தொடங்குகிற எல்லோரும் பெயரில் தொடங்குகிறார்கள், அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். பாட்டி 'தாம்சன் துரை' என்று சொன்னாராம், உடனே இணையத்தில் தாம்சனைத் தேடுகிறார்கள், ஆயிரக்கணக்கான தாம்சன்கள் வந்து விழுகிறார்கள். அந்தத் தாம்சன் தாமஸாக இருக்கலாம், தாம்ஸனின் அண்ணனாக இருக்கலாம், பட்டாளத்துக்காரன் சொன்ன பொய்ப் பெயராகக்கூட இருக்கலாம். தோட்டத்து ஆட்கள் துரைமாருக்கு நெட்டைத் துரை, குதிரைத் துரை என்று தாங்களே பெயர் வைத்தார்கள், அந்தப் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அதனால் பெயரைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். பிடிக்க வேண்டியது இரண்டு: பிள்ளை எந்த மாதம் எந்த வருடம் பிறந்தது, அதற்கு ஒன்பது மாதம் முன்னால் தாய் எங்கே இருந்தாள். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் பெயர் பெரும்பாலும் தானாக வரும்.

வருடத்தைப் பிடிப்பது

அடையாள அட்டையில் இருக்கும் பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். தோட்டத்தில் பழைய தலைமுறைக்குத் தேதி ஒரு குத்துமதிப்புத்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஐயா எழுதியது, வேலைக்குப் பெயர் பதிய வயதைக் கூட்டிச் சொன்னது, பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் வேறொன்று. மூன்று காகிதத்தில் மூன்று தேதி இருந்தால் பயப்பட வேண்டாம், எது முதலில் எழுதப்பட்டதோ அதற்கு அதிக மதிப்புக் கொடுங்கள். ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் கோயில் பதிவேடுதான் எல்லாவற்றிலும் நம்பகமானது, ஏனென்றால் பெரும்பாலும் பிள்ளை பிறந்த சில வாரங்களிலேயே எழுதிவிடுவார்கள். நுவரெலியா ஹோலி டிரினிட்டி, டிக்கோயா வோர்லி போன்ற பழைய துரைமார் கோயில்களோடு நின்றுவிடாமல் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலிலும் மெதடிஸ்ட் கோயிலிலும் கேளுங்கள்.

காகிதம் எதுவும் இல்லையென்றால் வயதானவர்களிடம் போங்கள், ஆனால் 'எந்த வருசம் பாட்டி' என்று கேட்காதீர்கள். நடந்த சம்பவத்தைச் சொல்லி அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். நேரு வந்தது 1939. முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தனைப் போலீஸ் சுட்டது 1940 ஜனவரி. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 5, திருகோணமலையில் நான்கு நாள் கழித்து. பெரிய வெள்ளம் 1947 ஆகஸ்ட். சுதந்திரம் 1948 பெப்ரவரி. ஹர்த்தால் 1953. இங்கிலாந்து ராணி வந்தது 1954 ஏப்ரல். 'குண்டு போட்டப்ப அம்மா நடை பழகிட்டு இருந்தாளாம்' என்று ஒரு வரி வந்தால் அதுவே உங்களுக்கு ஒன்றரை வருட இடைவெளிக்குள் விடையைக் கொண்டுவந்துவிடும்.

அப்புறம் பிறப்புப் பதிவு. குறும்பிரதி இருந்தால் போதாது, முழுப் பிரதியை மாவட்டப் பதிவாளரிடம் எடுங்கள். பதிவு இலக்கம் தெரியாவிட்டாலும் பெயரையும் வருடத்தையும் கொடுத்துத் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் பெயரை எழுத, அவனும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வெறும் கோடுதான். அதனால் கோடு இருப்பதை வைத்துத் தகப்பன் யாரென்று தாய்க்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். தகவல் கொடுத்தவர் யார் என்ற பத்தியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தோட்டத்தில் நடந்த பிறப்பை அறிவிக்கும் பொறுப்பு சட்டப்படி சூப்பிரண்டனிடம், அதாவது பெரிய துரையிடம், இருந்தது. அதாவது பிள்ளை துரையுடையது என்றால், அந்தக் கோட்டுக்கு வழி செய்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவரே அவராக இருக்கலாம்.

இன்னொரு விதமும் உண்டு. சான்றிதழில் ஒரு தமிழ்த் தகப்பன் பெயர் அழகாக இருக்கும், அவர் தாயை அவசரமாகக் கட்டிக்கொண்ட ஒரு கங்காணியாகவோ பங்களாச் சமையல்காரராகவோ இருப்பார். கல்யாணத் தேதியையும் பிறந்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும். ஆனால் அந்த மனுசனைப் 'பொய்த் தகப்பன்' என்று வீட்டில் பேசாதீர்கள். பெயர் கொடுத்து, சோறு போட்டு வளர்த்தவர் அவர்தான்.

பட்டாளமா, துரையா

வருடம் கிடைத்ததும் இந்தக் கேள்வி. 1942க்கும் 1945க்கும் இடையில் என்றால் இரண்டுமே சாத்தியம், மற்ற காலங்களில் துரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

போர்க்காலத்தில் யார் எப்போது இருந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூர் விழுந்ததும் 1942 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் 16ஆம், 17ஆம் பிரிகேட்கள் இலங்கைக்கு வந்து ஜூலை வரை இருந்தன. கிழக்கு ஆப்பிரிக்கப் படையினர் 1942இலேயே வரத் தொடங்கினார்கள், 11ஆவது கிழக்கு ஆப்பிரிக்க டிவிசன் 1943 நடுவிலிருந்து இங்கே பயிற்சி எடுத்து 1944இல் பர்மாவுக்குப் போனது. கென்யா, உகண்டா, தங்கனீக்கா (இன்றைய தன்சானியா), நியாசாலாந்து (இன்றைய மலாவி) ஆட்கள். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் டெல்லியிலிருந்து கண்டிக்கு வந்து பேராதனைப் பூங்காவில் உட்கார்ந்தது, போர் முடிந்த பிறகுதான் சிங்கப்பூருக்குக் கிளம்பியது. அந்தக் காலத்தில் கண்டியில் பிரித்தானியன், அமெரிக்கன் என்று எல்லோரும் இருந்தார்கள். தியத்தலாவை இதற்கெல்லாம் முந்தியது, 1900இல் தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை அடைத்ததிலிருந்தே பட்டாள ஊர். திருகோணமலைக் கடற்படைத்தளத்தைப் பிரித்தானியா 1957இல்தான் விட்டது, ஆகவே கப்பல்காரன் கதை என்றால் போரோடு நிறுத்திவிடாதீர்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. துரையே பட்டாளக்காரனாகவும் இருந்திருக்கலாம். சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்று தோட்டத் துரைமாரின் தொண்டர் படை ஒன்று 1900இலிருந்து 1949 வரை கண்டியைத் தலைமையிடமாக வைத்து இயங்கியது. முதல் போரில் 1914இலேயே அவர்களில் ஒரு பகுதியினர் எகிப்துக்குக் கப்பல் ஏறினார்கள். 'காக்கிச் சட்டை போட்டிருந்தாரு, குதிரையில வந்தாரு' என்று பாட்டி சொன்னால் அது தியத்தலாவைப் பட்டாளமாக இருக்க வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை தொண்டர் படைக் கவாத்துக்குப் போய்வந்த சின்னத் துரையாக (உதவி சூப்பிரண்டனாக) இருக்கலாம்.

தோட்டம் தெரிந்தால் துரையைக் கண்டுபிடிப்பது நிஜமாகவே சுலபம். பெர்குசன்ஸ் சிலோன் டிரெக்டரி என்று பழைய விவரப் புத்தகம் ஒன்று இருக்கிறது, பல பத்தாண்டுகள் தொடர்ந்து வந்தது, தோட்டம் தோட்டமாக யாருக்குச் சொந்தம், சூப்பிரண்டன் யார், உதவி யார் என்று போட்டிருப்பார்கள். கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் கொழும்பு அருங்காட்சியக நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். பிள்ளை பிறந்த வருடம், அதற்கு முந்தியது, பிந்தியது, மூன்றையும் பாருங்கள். உங்கள் தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல் பக்கத்து நான்கு தோட்டங்களையும் குறித்துக்கொள்ளுங்கள், துரைமார் கிளப்புக்கும் பக்கத்துப் பங்களாவுக்கும் போய்வந்தவர்கள். சின்னத் துரைமார்தான் அடிக்கடி மாறுவார்கள், இருபது இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவர்கள். பல கம்பனிகள் அவர்களைக் கல்யாணம் பண்ணவே சில வருடங்களுக்கு விடவில்லை. தோட்டத்தின் தமிழ்ப் பெயர் புத்தகத்தில் இருக்காது, ஆங்கிலப் பெயரைச் சேமலாப நிதிக் கடிதத்திலோ பழைய சம்பளத் துண்டிலோ பார்த்துக்கொண்டு போங்கள்.

தோட்ட ஆபீசில் பழைய செக்ரோல் (தொழிலாளர் வேலைப் பதிவேடு) இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை, ஆனால் 1972, 1975 தேசியமயத்திலும் 1992இல் கம்பனிகளுக்குக் கைமாறியதிலும் நிறையக் காகிதம் காணாமல் போய்விட்டது. வேறு இரண்டு இடங்கள் பலருக்குத் தோன்றுவதில்லை. ஒன்று, நீதிமன்றம்: 1889ஆம் ஆண்டுத் தாபரிப்புச் சட்டப்படி கல்யாணமாகாத தாய் தகப்பனிடம் செலவு கேட்டு வழக்குப் போட முடிந்தது, பொதுவாகப் பிள்ளை பிறந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. தோட்டத்துப் பெண்ணுக்குத் துரைமேல் வழக்குப் போடும் தைரியமும் வசதியும் எங்கே இருந்தது என்று கேட்பீர்கள், நியாயம்தான், இருந்தாலும் பாருங்கள். இரண்டாவது, விடுதிகள். துரைமாருக்குப் பிறந்த பிள்ளைகளைத் தாயிடமிருந்து எடுத்து வளர்க்கவே நுவரெலியாவில் பெயின்டர் என்ற மிஷனரிக் குடும்பம் 1920களில் ஒரு விடுதி தொடங்கியது. இந்தியாவில் கலிம்பொங்கில் 1900இலேயே கிரகாம் ஹோம்ஸ் இதே வேலையைச் செய்தது, அங்கிருந்து 1908க்கும் 1938க்கும் இடையில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை நியூசிலாந்துக்கே அனுப்பிவிட்டார்கள். உங்கள் குடும்பத்தில் 'சின்ன வயசுலயே துரை கூட்டிட்டுப் போயிட்டாரு' என்று ஒரு அக்காவோ அண்ணனோ இருந்தால் செத்துப்போனதாக நினைக்காதீர்கள், விடுதிப் பதிவேட்டைக் கேளுங்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம்

இப்போது கையில் ஐந்தாறு பெயர் இருக்கும். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பொருந்தாததை அடித்து நீக்க வேண்டும். கப்பல் பயணிகள் பட்டியலில் தொடங்குங்கள்: பிரித்தானியாவுக்கு உள்ளே வந்தவர்கள், வெளியே போனவர்கள் பட்டியல் 1960 வரை இருக்கிறது, கட்டண வம்சாவளித் தளங்களில் தேடலாம். கொழும்பில் ஏறியவன், தொழில் பிளான்டர், வயது, இங்கிலாந்தில் போகும் விலாசம் எல்லாம் ஒரே வரியில் வரும். பிள்ளை உருவான மாதத்தில் அவன் ஆறு மாத லீவில் லண்டனில் இருந்தான் என்று தெரிந்தால் பெயரை அடித்துவிடலாம். துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர்கள் அதிகம், அவர்களுடைய பதிவுகளுக்குத் தனித் தளம் இருக்கிறது, இங்கிலாந்துப் பட்டியலில் இல்லையென்று கைவிட வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸில் 1858க்குப் பிந்தைய உயில் பட்டியலை அரசாங்கத் தளத்தில் தேடலாம், அவன் எங்கே எப்போது செத்தான் என்பது அதில் கிடைக்கும்.

பட்டாளக்காரன் என்றால், பிரித்தானிய வீரர்களின் இரண்டாம் போர்க்கால சேவைக் கோப்புகள் 2022இலிருந்து பாதுகாப்பு அமைச்சிடமிருந்து லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறி வருகின்றன. அவர் இறந்ததற்குச் சான்று கேட்பார்கள், பிறந்து 115 வருடம் தாண்டியவர் என்றால் தேவையில்லை. எந்தப் படைப்பிரிவு எந்த வாரம் எங்கே இருந்தது என்பது யுத்த நாட்குறிப்புகளில் இருக்கும், கியூவில் டபிள்யூஓ 172 என்ற வரிசை. ஆஸ்திரேலியர்கள் விசயத்தில் நிம்மதி, நாட்குறிப்புகளும் பல வீரர்களின் கோப்புகளும் இணையத்தில் காசில்லாமலே கிடைக்கின்றன. அமெரிக்க இராணுவக் கோப்புகளில் பெரும்பகுதி 1973இல் செயின்ட் லூயிஸ் தீயில் போய்விட்டது. ஆப்பிரிக்க அஸ்கரிகளுக்கு, அதாவது சாதாரண வீரர்களுக்கு, தனிநபர் கோப்பு கிடைப்பது அரிது. கண்டி யுத்த மயானத்தில் அவர்கள் சிலருடைய கல்லறைகள் பெயரோடு இருக்கின்றன, காமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணையத்தின் தளத்திலும் தேடலாம்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். எந்தக் கோப்பிலும் உங்கள் பாட்டியின் பெயர் இருக்காது. கோப்பு சொல்வது அவன் அங்கே இருந்தான் என்பதை மட்டும்.

டிஎன்ஏ

இதுதான் முடிவாகச் சொல்லும். பரிசோதனையை உங்களுக்குச் செய்யாதீர்கள், உயிரோடு இருப்பவர்களில் மூத்தவருக்குச் செய்யுங்கள். அந்தப் பிள்ளையே இருந்தால், இன்றைக்கு எண்பது வயதிருக்கும், அவருடைய எச்சில்தான் பொன். அவரிடம் தகப்பனின் பாதி இருக்கிறது, பேரப்பிள்ளையிடம் கால், அதற்கு அடுத்தவரிடம் அரைக்கால். பிரித்தானிய, ஆஸ்திரேலிய உறவுகளைத் தேட ஆன்செஸ்ட்ரி என்ற பரிசோதனைக் கம்பனியில் ஆட்கள் அதிகம், லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லிப் பரிசோதனைப் பெட்டியை வாங்கலாம். முடிவு வந்ததும் தரவை இறக்கி, வெவ்வேறு கம்பனிகளின் முடிவுகளை ஒப்பிடும் ஜெட்மேட்ச் தளத்திலும் ஏற்றிவிடுங்கள்.

நமக்கு இதில் ஒரு தனிப்பட்ட தொல்லை, ஒரு தனிப்பட்ட வசதி. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டியதால் தமிழ்ப் பக்கத்துச் சொந்தம் எல்லாம் இருப்பதைவிட நெருக்கமாகக் காட்டும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வசதி என்னவென்றால் தகப்பன் பக்கத்துச் சொந்தம் தனியாகப் பிரிந்து நிற்கும், பட்டியலில் வெள்ளைக்காரப் பெயரோடு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரே ஆளின் வழியாகச் சொந்தமானவர்கள். எந்த ஊர் இரத்தம் எத்தனை சதவீதம் என்ற படத்தை ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள், வேலைக்கு ஆகிறது சென்டிமோர்கன் எண்தான், அதாவது இரண்டு பேருக்கும் பொதுவான டிஎன்ஏவின் அளவு. ஒரு தகப்பன் வேறு தாய் என்ற சகோதரர் என்றால் சுமார் 1,700, முழு ஒன்றுவிட்ட சகோதரர் என்றால் சுமார் 850, இரண்டுவிட்டவர் சுமார் 230, இவை எல்லாம் கூடிக்குறையும். இருநூறுக்கு மேல் இரண்டு பேர் கிடைத்தால் அவர்களுடைய வம்ச மரங்கள் எங்கே ஒட்டுகின்றன என்று பாருங்கள், ஒட்டுகிற குடும்பத்தில் யாராவது உங்கள் பெர்குசன் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். இந்த இடத்தில்தான் தோட்டமும் வருடமும் தேடி அலைந்ததன் பலன் தெரியும், டிஎன்ஏ மட்டும் வைத்திருப்பவர்கள் நான்கு அண்ணன் தம்பிகளில் யார் என்று தெரியாமல் நிற்பார்கள், உங்களுக்கு அவர்களில் எவன் ஹப்புத்தளையில் இருந்தான் என்பது தெரியும்.

ஆப்பிரிக்கத் தகப்பன் என்றால் பொருந்துகிறவர்கள் குறைவாகவும் தூரமாகவும்தான் வருவார்கள், ஏனென்றால் அங்கே பரிசோதனை செய்தவர்கள் குறைவு. தரவை ஏற்றிவிட்டுக் காத்திருங்கள், புதிதாக ஆட்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

பாட்டியிடம் கேட்பது

இதை முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டுமென்றேதான் பின்னால் வைத்தேன், காகிதத்தில் கிடைப்பதை எல்லாம் எடுத்த பிறகு கேட்டால் கேள்வி குறையும்.

பாட்டியோ பெரியம்மாவோ உயிரோடு இருந்தால் பிள்ளைகள், மருமக்கள் முன்னால் கேட்காதீர்கள். ஃபோனை நீட்டிப் பதிவு செய்யாதீர்கள். துரையைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள்: பங்களாவில் என்ன வேலை, யாரெல்லாம் இருந்தார்கள், எந்த மலையில் கொழுந்து எடுத்தீர்கள். சொல்ல நினைத்தால் அவராகச் சொல்வார். சொல்லாவிட்டால் அதை மதித்து எழுந்துவிடுங்கள். தயவுசெய்து இதைக் காதல் கதையாக்கத் துடிக்காதீர்கள். சிலது காதலாக இருந்திருக்கலாம், சில துரைமார் மாதாமாதம் பணம் அனுப்பியதும் உண்டு, ஆனால் வேலையிலிருந்து பெயர் வெட்டவும் லயத்தை விட்டுத் துரத்தவும் அதிகாரம் உள்ள ஆளிடம் பதினேழு வயசுப் பெண் எப்படி மாட்டேன் என்று சொல்லியிருப்பாள்?

கடிதம், அப்புறம் விசா

அந்தப் பக்கத்துக் குடும்பத்துக்கு முதல் கடிதம் சின்னதாக இருக்கட்டும். முகநூலில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதாதீர்கள். இந்த அளவு போதும், ஆங்கிலத்தில் யாரிடமாவது எழுதி வாங்குங்கள்:

'வணக்கம். நான் இலங்கையில் இருக்கிறேன். டிஎன்ஏ பட்டியலில் நீங்கள் என் அம்மாவின் உறவினராக வருகிறீர்கள். என் அம்மா 1946இல் பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். உங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்தில் இலங்கையில் இருந்தவர் யாராவது உண்டா? எனக்குப் பணமோ சொத்தோ வேண்டாம். அம்மாவுக்குத் தெரிந்துகொள்ள ஆசை. பதில் சொல்ல விருப்பமில்லையென்றாலும் புரிந்துகொள்வேன்.'

பதில் வராவிட்டால் சில மாதம் கழித்து இன்னொரு முறை, அதோடு சரி. அந்த வீட்டில் இது தெரியாத ஒரு கிழவி இருக்கலாம். இதே கடிதம் நாளைக்கு நம் ஊர்ப் பக்கமும் வரலாம், 2007இல் ஹெய்ட்டியில் ஐ.நா. பணியில் இருந்த இலங்கைப் படையினர் நூறு பேருக்கும் மேல் பாலியல் முறைகேட்டுப் புகாரில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஐ.நா. படையினருக்குப் பிறந்து தகப்பனைத் தேடும் பிள்ளைகள் அங்கேயும் இருக்கிறார்கள்.

விசா பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். அமெரிக்கா 1987இல் ஒரு சட்டம் போட்டு, வியட்நாமில் தன் வீரர்களுக்குப் பிறந்தவர்களை முகச்சாயலையே சான்றாக ஏற்றுக்கூட்டிப் போனது. மலையகத்துப் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் வந்ததில்லை. இருப்பது இவ்வளவுதான்: தாத்தாவோ பாட்டியோ பிரித்தானியாவில் பிறந்திருந்தால், 17 வயது நிறைந்த, அங்கே வேலை செய்ய நினைக்கிற காமன்வெல்த் நாட்டவர் வம்சாவளி விசா கேட்கலாம், இலங்கையும் காமன்வெல்த் நாடுதான். கல்யாணத்துக்கு வெளியே பிறந்த வழி என்பது தடையில்லை. கொள்ளுத்தாத்தா செல்லாது. அந்தப் பிள்ளைக்கே, தகப்பனும் தாயும் கல்யாணம் பண்ணாத ஒரே காரணத்தால் குடியுரிமை கிடைக்காமல் போயிருந்தால், பதிவு செய்துகொள்ள 2014ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. இரண்டுக்கும் சிக்கல் ஒன்றுதான், அந்தக் கோடு. கோட்டை நிரப்ப டிஎன்ஏ, ஞானஸ்நானப் பதிவு, பழைய கடிதம், பணம் அனுப்பிய சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும், பிரித்தானியக் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் தேவை. 'துரை பேரன்னா நேரா பாஸ்போட்' என்று ஹட்டன் டவுனில் முன்பணம் கேட்கிற ஏஜென்சியிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

இந்தியாவையும் மறக்க வேண்டாம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரைத் திருப்பி அனுப்ப முடிவானபோது எத்தனையோ குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. பாட்டியின் தங்கை கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கலாம், இங்கே யாரும் வாய் திறக்காத கதையை அங்கே சாதாரணமாகச் சொல்வார்கள். லண்டனுக்கு எழுதுவதற்கு முன்னால் நீலகிரிக்கு ஒரு ஃபோன் போடுங்கள்.